பேர் சொல்லாத வேண்டுதல்

வைரக்கண்ணு தண்ணீரைத் தெளித்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கத் தொடங்கியதும் தலை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. கழுத்தில் கட்டிய துணிக்குக் கீழே கைகள் மடியில் கிடக்கின்றன. தை மாதத்துத் தண்ணீர், காது மடலுக்குப் பின்னால் வழிந்து சட்டைக்குள் போகிறது. மொட்டை என்று நான் சொன்னபோது அவன் கை அப்படியே நின்றது. நேராகப் பார்க்காமல் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டு, "யாருண்ணே?" என்றான். யார் செத்துப்போனது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் சாமிக்குப் போடுகிறவன் கோயிலுக்குப் போய்ப் போட்டுக்கொள்வான். சலூனில் வந்து உட்கார்ந்தால் சாவு, அல்லது சித்திரை வெயில். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவன் எனக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மா அதற்கும் முன்னால். பிறகு அவன் முகம் மாறியது. "டீச்சரு..." என்று ஆரம்பித்தவன் மேலே போகவில்லை. "நல்லா இருக்கா" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கா. காலையில அஞ்சு இட்லி சாப்பிட்டா." வைரக்கண்ணு மூச்சை விட்டான். "அட போங்கண்ணே, பயமுறுத்திட்டீங்க. அப்ப வேண்டுதலா? எந்தக் கோயிலு?" கோயிலெல்லாம் இல்லை என்றேன். "கோயிலு இல்லாம எப்புடி? இங்க போட்டா சாமி கணக்குல சேராதுண்ணே. பேன் இருந்து எடுத்த மாதிரிதான் ஆவும்." பேப்பர்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். போடு என்றேன்.

உச்சியில்தான் வைக்கிறான் முதலில். கத்தி தோலைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு குளிர்ந்து, கோடு அகன்று, அதன் மேல் காற்றாடிக் காற்று படுகிறது. இத்தனை வருஷம் காற்று படாத இடம். டீச்சர் என்றதும் ஒரு நொடி எனக்கும் என் பெண்டாட்டி செத்துப்போயிருந்தாள். அவன் முகத்தில் அதைப் பார்த்தேன், அவன் நம்பியதை நானும் நம்பினேன், ஒரு நொடிக்கு. வீட்டில் இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறவளை இங்கே ஒரு கேள்வி கொன்றுவிட்டது. இப்படி ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததே தப்போ. சாவுக்குப் போடுகிற இடத்தில் பிழைத்ததற்குப் போட்டால், எங்கேயோ எவரோ தப்பாகப் படித்துக்கொண்டால். எவர்? அதுதானே. படிக்கிறவர் யாரும் இல்லை என்றால் தப்பாகப் படிக்கவும் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எழிலரசியோடு குடித்தனம் நடத்தியதில் இந்த அளவுக்காவது எனக்கு யோசிக்கத் தெரியும். ஆனால் யோசிக்கிறவனும் பயப்படுகிறவனும் வேறு வேறு ஆள். ஒருவன் பேசும்போது மற்றவன் வெளியே போவதில்லை, மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கதண்டு. பெரிய விஷக் குளவி, பெயரே கடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஐப்பசி மழையில் வாய்க்கால் மதகு உடைந்து பெரிய ரோடு அடைத்துக் கிடந்தது. எழில் பள்ளிக்கூடத்துக்குப் படுகைப் பாதையில் வண்டியை விட்டாள். பனைமரத்தில் கூடு இருந்தது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மட்டை ஒன்று காற்றில் கூட்டின் மேல் விழுந்ததா, பருந்து கொத்தியதா, இன்றுவரை தெரியவில்லை, கதண்டெல்லாம் கிளம்பி அவளைக் கொட்டிவிட்டன. புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஈரச் சாக்கை அவள் மேல் போர்த்தி, வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டிருக்கிறாள். நான் போனபோது அந்த முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார், விஷம் சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது, ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் பண்ணுகிறோம், நாளை மத்தியானம் வரை எதுவும் சொல்ல முடியாது. சரிங்க என்றேன். சரிங்க என்று எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. கை கழுவப் போனேன். கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தபோது வாய் சொன்னது, மொட்டை போட்டுக்கிறேன். அவ்வளவுதான். முருகா இல்லை, ஆத்தா இல்லை, அப்பனே இல்லை. இரண்டே வார்த்தை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, குழாயைப் பார்த்துச் சொன்னேன். பின்னால் தவமணி அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குடா?" என்றாள் அக்கா. கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் அதைத்தான் கேட்டாள். குழாயை மூடினேன். "பேரு சொல்லலியா? அட கூறுகெட்டவனே. கண்டக்டர்கிட்ட ஊரு பேரு சொல்லாம டிக்கெட் கேட்டா அவன் எங்கடா இறக்கிவிடுவான்? ஒண்ணு, எல்லாச் சாமியும் எனக்கு இல்ல எனக்கு இல்லன்னு ஒதுங்கிக்கும். இல்லாட்டி எல்லாம் எனக்குத்தான் எனக்குத்தான்னு வந்து நிக்கும். எத்தனை தலைடா வச்சிருக்க நீ?" அழுதுகொண்டே சொன்னாள். நான் சிரித்துவிட்டேன், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், எழில் உள்ளே கிடக்கும்போது. அக்கா இப்போதே ஒரு பேரைச் சொல்லு, சேர்த்துக்கலாம், லேட்டாகலை என்றாள். சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பேரும் என் வாயில் நிற்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு முகம் இருந்தது, காலண்டரில் பார்த்த முகம், அந்த முகத்துக்கும் உள்ளே வீங்கிக் கிடந்த முகத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சொன்ன வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. சொன்னது சொன்னதுதான். யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுபோல் இருந்தது. அக்காதான் கேட்டாள், அது சரி. அக்காவுக்கு முன்னாலேயே யாரோ.

மறுநாள் மத்தியானம் போனது. அதற்கு மறுநாள் எழில் தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து என் கையில் ஒன்று இருக்கிறது, இறக்கிவைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு, "நாங்க செய்யறதைச் செஞ்சோம், மேல இருக்கறவருக்குச் சொல்லுங்க" என்றார். நர்ஸம்மாவிடம் சொன்னேன், அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டினார். புல் அறுத்த பெண்ணைத் தேடிப்போய்ப் புடவை கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் என்னங்க பண்ணுனேன், சாக்குதானே போட்டேன். ஆத்தா நின்னா அங்க." சூடான பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல ஒவ்வொருவரும் மேலே மேலே தள்ளினார்கள். மேலே தள்ளியது முழுக்க எனக்கே திரும்பி வந்தது. மேலே எனக்கு யாரையும் தெரியாது. அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கிய அன்றைக்கே கொடுத்துவிடுகிறாள். எழிலுக்கும் இல்லை, அவள் டாக்டருக்கு ஒரு தடவை, அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை, நேராக, முகத்தைப் பார்த்து, நன்றி என்று சொன்னாள், மேலே தள்ள விடவில்லை, முடிந்தது. "நீங்க சாக்கு போட்டீங்க, அதான் உயிரோட இருக்கேன். அதை நீங்களே வச்சுக்குங்க" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். நடுவில் நான்தான், இரண்டு பக்கமும் சேராமல்.

இடது பக்கம் முடித்துவிட்டான். கண்ணாடியில் பாதித் தலை. முடி உள்ள பக்கம் எனக்கு வயது குறைவு. முடி போன பக்கம் அப்பா. வைரக்கண்ணு கத்தியில் புது பிளேடு மாட்டுகிறான். போன் அடிக்கிறது, துணிக்குள் துழாவி எடுத்தால் எழில். "எங்க இருக்கீங்க? கடைப்பையன் நீங்க வரலைன்னு சொல்றான்." சலூனில் என்றேன். "நல்லது. காதுகிட்ட காடா கிடக்குது, ஒட்ட வெட்டச் சொல்லுங்க." சரி என்றேன். "வரும்போது பச்சை மிளகாய் வாங்கியாங்க. நீட்ட மிளகாய் வேணாம், குண்டா இருக்கும்ல, அது." வைத்துவிட்டாள். வைரக்கண்ணு, "டீச்சருக்குத் தெரியாதாண்ணே?" என்றான். போனைத் துணிக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "செத்தீங்க" என்றான், பிறகு தான் சொன்ன வார்த்தையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு ஐயர் இல்லை, தாலி இல்லை, ஒலிபெருக்கியில் உறுதிமொழி. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: என் பெயரில் யாரும் எங்கேயும் போய் எதையும் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் அக்கா மாலையும் பூசணிக்காயுமாக வந்து, குலதெய்வத்துக்குப் போய் ஒரு பொங்கல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். எழில் கட்டிலில் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அண்ணி, கதண்டு கொட்டுனப்போ அந்தச் சாமி எங்க இருந்துச்சு? இருந்துச்சுன்னா அதான் கொட்ட விட்டுச்சு. இல்லைன்னா பொங்கல் யாருக்கு? நான் பிழைச்சது என் உடம்பும் அந்த டாக்டரும் அந்தப் புல்லறுக்குற அம்மாவும் சேர்ந்து செஞ்சது. இதுல வேற யாரும் பங்கு கேட்கக் கூடாது." அக்கா பூசணிக்காயை வாசலிலேயே வைத்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள். என் வேண்டுதலைப் பற்றி அக்கா வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாள், என் பெண்டாட்டியிடமிருந்து. நானும் சும்மா இருந்தேன். எழில் சொன்னது ஒன்றையும் என்னால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் சும்மா இருக்கவும் முடியாது என்பது அவளுக்குத் தெரியுமா?

என் கடையில் எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறவன் முதலில் கேட்பது, ஏன் எரிஞ்சுச்சு? காயிலை, உள்ளே சுற்றிய கம்பியைப் பிரித்துப் பார்த்துச் சொல்வேன், மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் வரவில்லை, இரண்டு பேஸில் ஓடியிருக்கிறது. அது ஏன் வரலை? பியூஸ் போயிருக்கும். அது ஏன்? கம்பியில் மட்டை விழுந்திருக்கும். அது ஏன்? காற்று. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை, காற்று என்றதும் காயில் கட்டக் கூலி எவ்வளவு என்று போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் காற்றோடு நிற்கவில்லை. அவள் ஏன் படுகைப் பாதையில் போனாள், மதகு உடைந்தது. ஏன் உடைந்தது, மழை. மழை ஏன், கடல். கடல் ஏன், வெயில். வெயில் ஏன். அந்தப் பனையை ஊன்றியது யார், அவனைப் பெற்றது யார், முதல் பனை எது, முதல் கதண்டு எது, ஒன்றுமே இல்லாத இடத்தில் முதலில் அசைந்தது எது. எங்கேயாவது ஒரு இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்துகிற இடத்துக்கு அக்கா சாமி என்று பேர் வைத்திருக்கிறாள். எழில் தெரியவில்லை என்று பேர் வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நிறுத்தத் தெரிந்திருக்கிறது. நான் போய்க்கொண்டே இருந்தேன். போகப் போக ஒன்று தெரிந்தது, அவளைக் கொட்டியதற்கு யாரையாவது குறை சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் குறை சொல்ல வேண்டும், சூரியன் வரை. அவள் தண்ணீர் கேட்ட அன்றைக்கும் அதே வழியில்தான் போனேன். அந்தச் சாக்கு, சாக்கில் ஈரம், ஈரத்துக்கு மழை, மழைக்குக் கடல். அதே மழை. மதகை உடைத்த மழைதான் சாக்கை நனைத்திருக்கிறது. நன்றி சொல்வதானாலும் எதையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

உலகம் என்று ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் அல்லவா? அதுதான் எளிது. அதற்கு எதுவும் வேண்டாம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தபோது ஒன்றுமே இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது, பானை, கொடியில் அவள் புடவை, மேஜையில் பாதி திருத்திய விடைத்தாள்கள். எல்லாம் இருந்தும் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் இப்போது மறுபடி பாடம் நடக்கிறது. போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பிழைத்தாள். எழுவாய் எங்கே?" பிள்ளைகள் கத்தின, "தோன்றா எழுவாய் டீச்சர்!" "தோன்றலைன்னா இல்லைன்னு அர்த்தமா?" "இல்ல டீச்சர், மறைஞ்சு இருக்கு டீச்சர்!" "எப்படித் தெரியும்?" "வினையே சொல்லிடும் டீச்சர்!" அவர்கள் போனதும் கேட்டேன், விடிந்தது என்றால் எழுவாய் எது? "பொழுது." பொழுதுதான் விடிந்ததா, பொழுதை வேறு ஒன்று விடிய வைத்ததா? "பொழுதுன்னு வச்சுக்கறோம்" என்றாள். வச்சுக்கறோம்னா? "வச்சுக்கறோம்னாத்தான் அது இலக்கணம். சாப்பிட்ட தட்டை எடுங்க." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, கதண்டு கொட்டிய தழும்புகள் அந்தச் சிரிப்போடு சேர்ந்து இழுபட்டன. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. தட்டை எடுத்தேன்.

முடி மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுகிறது. ஏற்கெனவே கிடக்கிற முடியோடு கலந்துவிட்டது, எது என்னுடையது என்று கேட்டால் காட்ட முடியாது. கோயிலில் என்றால் அது போய்ச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது. "இதையெல்லாம் என்ன செய்வ?" என்றேன். "குப்பைதாண்ணே. கொல்லைக்காரங்க கேட்டா அள்ளிக் கொடுப்பேன். கடலைக் கொல்லைக்குப் பன்னி வருதுல்ல, வேலி ஓரமா தூவிவிடுவாங்க. மோந்து பாத்துட்டு, ஆள் நிக்கிறான்னு திரும்பிப் போயிடும்." ஆளே இருக்கமாட்டானா? "ஆளு எங்க, வீட்ல குறட்டை விட்டுட்டு இருப்பான். பன்னிக்குத் தெரியுமா?" பேப்பர்காரர், "பன்னி புத்தி அவ்வளவுதான்" என்றார். நான் அந்தப் பன்றியின் பக்கம் நின்று பார்த்தேன். இருட்டில் வேலிவரை வந்து, மூக்கைத் தூக்கி, யாரோ இருக்கிறார்கள் என்று நிற்கிறது. அதன் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஆள் என்று ஒருவன் எங்கேயுமே இல்லாமல் அந்த மணம் வந்திருக்க முடியாது. அல்லது முடியுமா? இப்படி யோசித்தால் எழில் சொல்வாள், பன்றியை ஏமாற்றியவர்கள்தான் உங்களையும் ஏமாற்றியது. இருக்கலாம். எனக்கு வருகிற மணத்தை என்ன செய்வது? காலையில் அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கும்போது வருகிறது. தலை துவட்டும்போது வருகிறது. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி, நின்று, கொடுத்துவிட்டு, பேர் சொல்லாமல் நகர்ந்துவிட்ட மாதிரி. நானும் பேர் சொல்லாமல்தானே கேட்டேன். அந்த வகையில் சரியாகத்தான் இருக்கிறது.

"மீசை?" என்றான் வைரக்கண்ணு. கத்தி மூக்குக்குக் கீழே காத்திருக்கிறது. சாவுக்கு என்றால் எடுத்துவிட வேண்டும். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டப்போனேன், "ஆட்டாதீங்க!" என்று அதட்டினான். விட்டுவிட்டான். துணியை அவிழ்த்து உதறினான். கண்ணாடியில் மீசை வைத்த ஒரு முட்டை. தொட்டுப் பார்த்தேன், தலையில் இவ்வளவு மேடு பள்ளம் இருக்கிறது என்று தெரியாது. லேசாக இருந்தது. வேண்டுதல் தீர்ந்த லேசா, முடி போன லேசா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெருவில் வெயில் நேராக மண்டையில் இறங்கியது, வெயிலுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மிளகாய் வாங்கும்போது கடைக்காரம்மா, "ஐயோ, யாருங்க?" என்றாள். யாரும் இல்லை என்றேன். எல்லாரும் இருக்காங்க என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்த எழில் ஒரு எட்டு பின்னால் போனாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், யாரும் சாகவில்லை. பிறகு மீதியையும் சொன்னேன், வாசலிலேயே நின்று, மிளகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு, குழாய், கை கழுவியது, இரண்டு வார்த்தை. "எந்தச் சாமிக்கு?" "பேர் சொல்லலை." "பேர் சொல்லலைன்னா?" "வாயில வரலை." "என்னை வச்சு." "ஆமா." "என்னைக் கேட்காம." கேட்கிற நிலைமையில் நீ இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருந்த அந்த மத்தியானம் முழுவதும் என் முகத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அக்கா பூசணிக்காயை வைத்துவிட்டுப் போன இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு குவளைத் தண்ணீரும் நான் முகம் மழிக்கிற ரேசரும் இருந்தன. "இந்தப் பக்கம் திரும்புங்க. காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து விட்டுட்டான்." வேண்டாம் எழில், பரவாயில்லை என்றேன். "என்ன பரவாயில்லை? நம்பிக்கை உங்களுது, எனக்கு அதுல ஒண்ணும் இல்லை. ஆனா சொன்னதைச் செஞ்சா முழுசாச் செய்யணும். அரைகுறையா விட்டுட்டுத் தெருவுல திரிஞ்சா என்னைத்தான் கேட்பாங்க." படியில் உட்கார்ந்தேன். ஈர விரல்கள் காதை மடக்கின. இன்னும் முழுசாகப் பலம் வராத விரல்கள். "எரியுதா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் கண்ணுல தண்ணி?" தெரியவில்லை என்றேன். உள்ளங்கையை என் மண்டையின் மேல் வைத்து, மெதுவாக அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்க."

குனிந்தேன்.